பின்னும் கைகளுக்குச் சில குறிப்புகள்

ஐப்பசி பிறந்து குளிர் இறங்கத் தொடங்கியதும், வாத நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது: "நான் இனிமேல் பின்னலாமா, விட்டுவிட வேண்டுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த பெண்கள். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கம்பளி நூலில் ஸ்வெட்டரும் குல்லாவும் மஃப்ளரும் பின்னுகிறார்கள். சமவெளியிலிருந்து வருபவர்கள் குரோஷா ஊசியால் மேசை விரிப்பு, கைப்பை, குழந்தைகளுக்கான பொம்மை ஆகியவற்றைச் செய்கிறார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கி, அக்கம்பக்கத்தார் கேட்டதற்காக ஒன்றிரண்டு செய்து கொடுத்து, பிறகு ஆர்டர் எடுக்கும் நிலைக்கு வந்தவர்களே இவர்களில் மிகுதி.

இந்தக் கேள்விக்கு "பின்னுங்கள்" என்றோ "நிறுத்துங்கள்" என்றோ ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வரிசையில் காத்திருக்கும் அடுத்த நோயாளியை நினைத்துச் சுருக்கமாகச் சொல்லி முடிக்க வேண்டியதை, இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

நம் பகுதியில் 'பின்னல்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருப்பூர்தான். அங்கே பனியனாக உருவெடுக்கும் துணியும் அடிப்படையில் கையால் பின்னும் ஸ்வெட்டரும் ஒன்றே: ஒரு கண்ணிக்குள் நூலை வளைத்து இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை அமைத்த நாள்முதல், கையின் இந்த வேலையை இயந்திரம் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. ஆயினும் கைவேலை அழியவில்லை. குமரி மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்று மிஷனரி வரலாறுகள் கூறுகின்றன. நம் காலத்தில், 2016இல் சென்னையில் பெண்கள் பலர் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனையில் இடம்பெற்றார்கள். 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணின் வேலை' என்று இதனை ஒதுக்கிப் பேசுவோர் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கலாம்.

இனி மருத்துவத்திற்கு வருகிறேன்.

ஒரு ஸ்வெட்டரில் எத்தனை கண்ணி?

நடுத்தரப் பருமனுள்ள நூலில் பத்து சென்டிமீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ 22 கண்ணிகளும், அதே அளவு உயரத்திற்கு 30 வரிசைகளும் விழும். அதாவது உள்ளங்கையளவு சதுரத்தில் 660 கண்ணிகள். ஒரு வயதுக் குழந்தையின் ஸ்வெட்டருக்கு அத்தகைய இருபது சதுரங்கள் வேண்டும் என்று கொண்டால் 13,200 கண்ணிகள். பழகிய கை நிமிடத்திற்கு 20 கண்ணி போடுமானால், 660 நிமிடங்கள். பதினொரு மணி நேரம். கழுத்துப் பட்டி, பொத்தான், தையல் இவையெல்லாம் தனிக்கணக்கு.

பதின்மூன்றாயிரம் முறை மணிக்கட்டு சற்றே திரும்புகிறது. கட்டைவிரல் ஊசியை அழுத்துகிறது. ஆள்காட்டி விரல் நூலைத் தள்ளுகிறது. தனியே எடுத்தால் ஒவ்வோர் அசைவும் மிக மெல்லியது. ஓய்வின்றித் தொடரும்போதுதான் தசைநாண்கள் வீங்குகின்றன.

பின்னுபவர்களிடம் நாங்கள் அடிக்கடி காணும் தொல்லைகள் நான்கு. அவற்றுள் 'கார்ப்பல் டனல்' என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதைத்தான் பலரும் 'ரத்த ஓட்டம் இல்லை' என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை அமைக்கின்றன. அதன் வழியே விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பதும் ஒரு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால், இடமில்லாமல் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய பகுதிகள் மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும். இரவில் இரண்டு மூன்று மணிக்கு விழித்துக் கையை உதறினால் சற்றே தெளியும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்ப காலம், முடக்கு வாதம் ஆகியவை இருந்தால் இது எளிதில் வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை அணிந்தாலே தொடக்க நிலையிலுள்ள பலருக்குக் குறைகிறது. கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து, ஊசி கையிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது நரம்பு நலிவதன் அடையாளம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று வலித்தால், கட்டைவிரலின் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். காலையில் விரலை நீட்டும்போது 'டக்' என்று மாட்டிப் பின் விடுபட்டால் அது ட்ரிகர் விரல். கட்டைவிரலின் அடிமூட்டில், சாவி திருகும்போதும் பாட்டில் மூடி திறக்கும்போதும் வலித்தால், அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்.

இவை நான்கும் முடக்கு வாதத்திலிருந்து வேறுபட்டவை. இரு கைகளிலும் விரல்களின் அடிக்கணுக்கள் வீங்கிச் சூடாக இருத்தல், காலையில் எழுந்தபின் அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு மேலும் விரல்கள் விறைத்திருத்தல், உடல் முழுதும் அசதி, இவை ஆறு வாரங்களாகத் தொடர்தல்: இவ்வாறு இருந்தால் இரத்தப் பரிசோதனையுடன் எங்களைக் காண வேண்டும். பின்னுவதால் முடக்கு வாதம் வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது அது. "அந்த ஊசியைப் பிடித்துப் பிடித்துத்தான் இப்படி ஆனாய்" என்று வீட்டில் பழி சொல்லும் கணவர்களும் மாமியார்களும் இதனை அன்புகூர்ந்து கவனிக்க வேண்டும்.

இரண்டு வெள்ளை மாத்திரைகள்

என் நோயாளி ஒருவரின் கதையை, அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு எழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. மலைப்பகுதியைச் சேர்ந்தவர். கணவர் காலமான பிறகு மகளின் படிப்புச் செலவின் ஒரு பகுதி இவருடைய பின்னல் வருவாயிலிருந்தே சென்றது. முடக்கு வாதத்திற்காக வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட் எடுத்து வந்தார். நோய் ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

அவ்வாண்டு சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு கடையிலிருந்து, இரண்டு மாதத்தில் கொடுக்கும்படி 25 குழந்தை ஸ்வெட்டர்களுக்கும் 40 குல்லாக்களுக்கும் ஆர்டர் வந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்வெட்டர்களுக்கு 275 மணி நேரம். குல்லா ஒன்றுக்கு இரண்டரை மணி என்றால் இன்னொரு 100 மணி நேரம். அறுபது நாட்களுக்குப் பகிர்ந்தால், ஞாயிறும் பண்டிகையும் பாராமல் நாள்தோறும் ஆறு மணி நேரத்திற்கு மேல். பத்தாம் நாளே விரல்கள் வீங்கின. மருந்துக் கடையில் வலி என்று சொன்னார். இரண்டு வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார்கள். ஒன்று வலி நிவாரணி, மற்றொன்று ஸ்டீராய்டு. மறுநாளே வலி பறந்துவிட்டது. "இருபது வயசு கை திரும்பி வந்தது மாதிரி இருந்ததுங்க, டாக்டரம்மா" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். வலிதான் போய்விட்டதே என்று வார மருந்தையும் நிறுத்திவிட்டார்.

ஏழு வாரங்கள் இவ்வாறு சென்றன. ஆர்டரை முடித்துக் கொடுத்த அன்று, வேலை தீர்ந்தது என்று மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தினார். நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் மிகக் குறைந்த நிலை. அவரை எங்கள் அவசரப் பிரிவுக்கு மகள் அழைத்து வந்தாள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வரும்போது, உடல் தானே சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று வெளிவரவு நின்றால் உள்ளே கையிருப்பு இராது. இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. ஸ்டீராய்டு நல்ல மருந்து; நாங்களும் தருகிறோம். எவ்வளவு, எத்தனை நாள், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அறிந்து தர வேண்டிய மருந்து.

ஐந்து நாளில் அவர் தேறினார். ஆனால் வலி தெரியாத அந்த ஏழு வாரங்களில், மூட்டுகளுக்குள் நோய் தன் வேலையைச் செய்திருந்தது. வலக்கையின் இரண்டு கணுக்களில் எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது. அந்த அரிப்பைத் திரும்ப நிரப்பும் மருந்து எங்களிடம் இல்லை.

கடை ஸ்வெட்டருக்குத் தந்தது 400 ரூபாய். நூலுக்கே 200 ரூபாய் அவர் கையிலிருந்து சென்றிருந்தது. மீதி 200 ரூபாயைப் பதினொரு மணி நேரத்தால் வகுத்தால், மணிக்குப் பதினெட்டு ரூபாய். படுக்கையருகே உட்கார்ந்து மகள் இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது, அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. அவர் ஈட்டிய மொத்தத் தொகையைவிட மருத்துவமனைச் செலவு அதிகம்.

அவரிடம் பின்னுவதை நிறுத்தும்படி நான் கூறவில்லை. மெதோட்ரெக்ஸேட் மீண்டும் தொடங்கப்பட்டது. அது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பதே அவருக்குக் கடினமாக இருந்தது. நான்கு மாதங்களுக்குப் பின் மறுபடி ஊசியை எடுத்தார். இன்று நாளொன்றுக்கு நான்கு தவணையாக, தவணைக்கு அரைமணிக்கும் குறைவாகப் பின்னுகிறார். கடை ஆர்டரை விட்டுவிட்டார். தெரிந்தவர்கள் வழியாக மாதம் இரண்டோ மூன்றோ மட்டும் விற்கிறார், ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு. அந்த விலைக்கு எல்லோரும் வாங்குவதில்லை. வருவாய் முன்பைவிடக் குறைவுதான். மகளின் கடைசி ஆண்டுக் கட்டணத்திற்கு அண்ணனிடம் கைநீட்ட வேண்டியிருந்தது என்று வருத்தத்துடன் சொன்னார். இதனை மறைத்து இன்பமான முடிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. வலக்கையின் இரண்டு விரல்கள் முழுதாக நீளுவதில்லை.

பின்னுவதால் நன்மை உண்டா? உண்டு என்றே கருதுகிறேன். ஆயினும் அளவோடு சொல்ல வேண்டும். 2013இல் வெளிவந்த ஒரு கருத்தாய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னுபவர்கள் கலந்துகொண்டனர். அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகக் கூறினர். விடையளித்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே பின்னலை விரும்புபவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இட்லி பிடிக்குமா என்று இட்லிக் கடை வாசலில் கேட்பது போன்றது அது. இதைவிட உறுதியானது, முடக்கு வாதமுள்ள 490 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு. மருந்துடன் சேர்த்து, கைகளுக்கென வகுக்கப்பட்ட நீட்டல் பயிற்சிகளையும் வலுவூட்டும் பயிற்சிகளையும் செய்தவர்களின் கைத்திறன் ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது, வலி கூடவில்லை. கையை அசைக்காமல் மூடி வைத்தால் மூட்டு பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை. நோய் கட்டுக்குள் இருக்கும்போது கை வேலை செய்ய வேண்டும். வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் ஓய்வு வேண்டும். பயிற்சியின் இடத்தைப் பின்னல் பிடிக்க முடியாது. பயிற்சி தனி, பின்னல் தனி.

ஊசி, நூல், நாற்காலி

பின்னும் முறையில் செய்யக்கூடிய மாற்றங்கள் சில. இருபது இருபத்தைந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்துங்கள். 'இந்த வரிசை முடியட்டும்' என்ற எண்ணம்தான் முதல் எதிரி. ஆகவே கைப்பேசியில் மணி வைத்து, அதை எழுந்து சென்று அணைக்கும் தொலைவில் வைக்கலாம். வழுவழுப்பான கனத்த உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி இலேசானது, குளிரில் சில்லிடுவதும் இல்லை. பெரிய உருப்படிகளை இரண்டு நேர் ஊசிகளில் தூக்கிப் பிடிக்காமல் வட்ட ஊசியில் பின்னினால், பாரம் மடியில் தங்கும். குரோஷா ஊசியின் மெல்லிய தண்டைச் சுற்றிப் பஞ்சுத் துணியோ ரப்பர் பிடியோ சுற்றிப் பருமனாக்கினால், விரல்கள் அவ்வளவு இறுக்க வேண்டியிராது. பருத்தி நூலில் நெகிழ்ச்சி இல்லை. கைக்கு அது கடினம். கம்பளி நூல் சற்றே வளைந்து கொடுக்கும். வலக்கையால் நூலை எடுத்து ஊசியில் சுற்றும் முறைக்குப் பதிலாக, இடக்கை விரலில் நூலைத் தாங்கி ஊசியால் கொத்தி எடுக்கும் முறையில் அசைவு குறைவு. மேலே சொன்ன அம்மையார் இம்முறைக்கு மாற மூன்று வாரம் பிடித்தது. கண்ணிகள் விட்டுப்போய்ப் பலமுறை பிரித்துப் பின்னினார்.

முழங்கைக்கு ஆதரவுள்ள நாற்காலியில், மடியில் ஒரு தலையணை வைத்து அமருங்கள். தரையில் குனிந்து உட்கார்ந்தால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைப்பது விறைப்பைத் தளர்த்தும். சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள், நீரின் சூட்டை வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னி முடித்த பிறகும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வலி நீடித்தால், அன்று செய்தது மிகை; மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

விற்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஆர்டரை ஏற்கும் முன், நாளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் மணி நேரத்தின் எண்ணிக்கையைப் பாருங்கள். நோய் கூடும் நாட்களுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். கழுவுவதையும் பொத்தான் தைப்பதையும் பொட்டலம் கட்டுவதையும் வீட்டில் மற்றவர்கள் செய்யட்டும். அம்மா பின்னுவதை ஊராரிடம் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளால் நூல்கண்டு சுற்றித் தரவும் முடியும்.

இரண்டாவது, வாங்குபவர்களின் நலம் பற்றியது. கடையில் 'உல்லன்' என்று விற்கப்படும் மலிவான நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆதலால் அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணியைப் பருத்தி நூலில்தான் செய்ய வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்குப் பொத்தான் கண்கள் வேண்டாம்; நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். குழந்தை ஸ்வெட்டரின் கழுத்தில் நீளமான கட்டுக் கயிறுகளையும் தவிருங்கள். குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' பராமரிப்பில் குல்லாவும் காலுறையும் தேவைப்படுகின்றன. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய முறை அது. நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டியதில்லை, உடல் அளவுக்கு மீறிச் சூடாகும். குல்லா விற்பவரே இதைச் சொல்லிக் கொடுத்தால் வாங்கும் இளந்தாய் மறக்கமாட்டாள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் அணிந்துகொள்ள, மென்மையான பருத்தி நூலில் செயற்கை மார்பகங்களைப் பின்னி இலவசமாகத் தரும் தன்னார்வலர்கள் நம் நாட்டிலும் உள்ளனர். தேவைப்படுவோர் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்த முறை வாத நோய்ப் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் உங்கள் ஊசியையும் பாதியில் நிற்கும் பின்னலையும் எடுத்து வாருங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிய மாத்திரைகள் இருந்தால் அவற்றின் அட்டைகளையும் கொண்டு வாருங்கள், கோபிக்க மாட்டோம். எங்கள் இயன்முறை மருத்துவர் எதிரே அமர்ந்து பத்து நிமிடம் பின்னிக் காட்டினால், எந்த விரல் எங்கே தேவையின்றி இறுகுகிறது என்பது, நீங்கள் வாயால் விளக்குவதைவிடத் தெளிவாக அவருக்குத் தெரிந்துவிடும்.